டிராக்டர், ஜீப்புக்குப் பெரிய ஸ்பேனர்: எந்த அளவு, எந்த வகை, எவ்வளவு நீளம்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத் தோப்புகளுக்கு நல்ல ரோடு கிடையாது. செண்பகத்தோப்புப் பக்கமும், அய்யனார் கோயில் பாதையிலும், சேத்தூர், தேவதானம் பகுதி மா, தென்னந்தோப்புகளிலும் கல்லும் ஓடையும் தாண்டித்தான் வண்டி போக வேண்டும். அதற்காகவே பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்பைப் பலர் இன்னும் வைத்திருக்கிறார்கள். வத்திராயிருப்புப் பக்க நெல் வயலில் கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் சேற்றில் இறங்குகிறது. இரண்டிலுமே நட்டு, போல்ட்டு அடிக்கடி தளரும், துருப்பிடிக்கும்.

வண்டியோடு வரும் டூல் பையில் சிறிய ஸ்பேனர்கள் இருக்கும். பின்சக்கர நட்டு, ஹப் நட்டு, கலப்பை கிளாம்ப், ஸ்பிரிங் யூ போல்ட் என்று வந்தால் அவை போதாது. கையில் கிடைத்த பைப் ரெஞ்சையோ, அளவு சேராத ஸ்பேனரையோ போட்டுத் திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். பிறகு உளி வைத்து வெட்டுவதைத் தவிர வழியில்லை. சரியாக முறுக்காத சக்கர நட்டு சரிவில், லோடோடு போகும்போது கழன்றால் உயிருக்கே ஆபத்து. எனவே பெரிய ஸ்பேனர் வாங்கும் முன் கீழ்க்கண்டவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்பேனர் எண் எதைக் குறிக்கிறது?

ஸ்பேனரில் 24 என்று பொறித்திருந்தால், அது நட்டின் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே உள்ள அகலம் 24 மி.மீ. என்பதைக் குறிக்கும். போல்ட்டின் தடிமன் வேறு. 24 ஸ்பேனர் பிடிக்கும் போல்ட்டின் தடிமன் பெரும்பாலும் 16 மி.மீ. தான். கடையில் "16 போல்ட்டுக்கு ஸ்பேனர்" என்று கேட்டால் 16 நம்பர் ஸ்பேனரைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள்.

மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குப் பொதுவாகப் பொருந்தும் ஸ்பேனர் அளவுகள்:

- 12 மி.மீ. போல்ட்டு: 19 (புதிய தரத்தில் 18)
- 14 மி.மீ. போல்ட்டு: 22 (புதிய தரத்தில் 21)
- 16 மி.மீ. போல்ட்டு: 24
- 18 மி.மீ. போல்ட்டு: 27
- 20 மி.மீ. போல்ட்டு: 30
- 22 மி.மீ. போல்ட்டு: 32 (புதிய தரத்தில் 34)
- 24 மி.மீ. போல்ட்டு: 36
- 27 மி.மீ. போல்ட்டு: 41
- 30 மி.மீ. போல்ட்டு: 46

சக்கர நட்டு, ஹப் நட்டு போன்றவை இந்தக் கணக்கில் அடங்காமலும் இருக்கலாம். ஆகவே நட்டை அளந்து பார்ப்பதே சரி. வெர்னியர் காலிப்பரை இரண்டு பட்டைகளின் மேல் வைத்து அளக்க வேண்டும். மூலைக்கு மூலை அளந்தால் சுமார் 15 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அளக்கும் முன் சேறு, துரு, பெயின்ட் ஆகியவற்றைக் கம்பி பிரஷ் கொண்டு சுரண்டிவிடுங்கள்.

அங்குல நட்டா, மில்லிமீட்டர் நட்டா?

பழைய ஜீப்பும் பழைய டிராக்டரும் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மஹிந்திரா ஜீப் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப் வழியில் வந்தது. மஹிந்திரா பி-275 டிராக்டர் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் வடிவமைப்பு. மாஸி 1035 பிரிட்டனின் மாஸி பெர்குசன் 35-இன் வழியில் வந்தது. இப்படிப்பட்ட வண்டிகளில் அங்குல அளவு நட்டுகள் நிறைய உண்டு. பிறகு மாற்றிய பாகங்களில் மில்லிமீட்டர் நட்டும் கலந்திருக்கும். ஒரே வண்டியில் இரண்டும் இருப்பது சகஜம்.

ஒரு அங்குலம் என்பது 25.4 மி.மீ. இதை வைத்துக் கணக்கிட்டால், சில அங்குல அளவுகள் மில்லிமீட்டர் ஸ்பேனருக்குச் சரியாக உட்காரும், சில உட்காராது.

உட்காருபவை:

- முக்கால் அங்குலம்: 19.05 மி.மீ. (19 ஸ்பேனர்)
- 15/16 அங்குலம்: 23.8 மி.மீ. (24 ஸ்பேனர்)
- 1 1/16 அங்குலம்: 26.99 மி.மீ. (27 ஸ்பேனர்)
- ஒன்றேகால் அங்குலம்: 31.75 மி.மீ. (32 ஸ்பேனர்)

உட்காராதவை:

- 13/16 அங்குலம்: 20.6 மி.மீ. (21 போட்டால் ஆட்டம் இருக்கும்)
- 7/8 அங்குலம்: 22.2 மி.மீ. (22 இறுக்கும், 23 ஆடும்)
- 1 1/8 அங்குலம்: 28.6 மி.மீ. (28 நுழையாது, 29 ஆடும்)

முதல் நான்குக்குத் தனியாக அங்குல ஸ்பேனர் வாங்கத் தேவையில்லை. பின் மூன்றுக்கு அங்குல ஸ்பேனரே வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முழு பலத்தோடு இழுக்கும்போது ஸ்பேனர் நட்டின் பட்டையில் படாமல் முனையில் மட்டும் பட்டு, முனையைச் சீவிவிடும்.

எந்த வகை எதற்கு?

ரிங் ஸ்பேனர்: நட்டைச் சுற்றிலும் பிடிக்கும், எளிதில் வழுக்காது. 24-க்கு மேற்பட்ட நட்டுகளுக்கு முதல் தேர்வு இதுதான். ஒரு முனையில் ஒரு அளவாக இரட்டை அளவில் வரும். 24×27, 30×32, 36×41 ஆகியவை கடைகளில் கிடைக்கும் வழக்கமான ஜோடிகள்.

டபுள் எண்ட் ஸ்பேனர்: இருபக்கமும் வாய் திறந்தது. இரண்டு பட்டைகளை மட்டுமே பிடிக்கும். பலமாக இழுத்தால் வாய் விரிந்துவிடும். ஹைட்ராலிக் பைப், டீசல் பைப் போன்று ரிங் நுழையாத இடங்களுக்கும், போல்ட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்வதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்ஸ் (சாக்கெட்): குழிக்குள் இருக்கும் நட்டுக்கு இதுதான் வழி. உள்ளே 6 முனை, 12 முனை என இருவகை உண்டு. 12 முனை எளிதில் மாட்டும். 6 முனை பட்டையை முழுதாகப் பிடிக்கும். துருப்பிடித்த, முனை தேய்ந்த நட்டுகள்தான் நம்மிடம் அதிகம் என்பதால் பெரிய அளவுகளில் 6 முனை பாக்ஸே நல்லது.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனர்: 12 அங்குல நீளமுள்ளதன் வாய் சுமார் 35 மி.மீ., 18 அங்குல நீளமுள்ளதன் வாய் சுமார் 50 மி.மீ. திறக்கும். அவசரத்துக்கு ஒன்று இருக்கலாம். அசையாத தாடையின் மேல் பாரம் விழும்படி மாட்டி இழுக்க வேண்டும். சக்கர நட்டுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஸ்லாகிங் ஸ்பேனர்: தடித்த ஒற்றை முனை ரிங். கைப்பிடியின் முடிவில் சுத்தியலால் அடிப்பதற்கென்றே செய்தது. 41, 46-க்கு மேற்பட்ட, நெடுநாள் இறுகிய நட்டுகளுக்கு உதவும். சாதாரண ரிங் ஸ்பேனரைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. அது கெட்டியான உருக்கு என்பதால் சில்லு தெறித்துக் கண்ணில் படலாம்.

அரை அங்குலமா, முக்கால் அங்குலமா?

பாக்ஸ் செட் வாங்கும்போது கைப்பிடியை மாட்டும் சதுரத்தின் அளவைப் பாருங்கள். அரை அங்குலம் (12.7 மி.மீ.), முக்கால் அங்குலம் (19 மி.மீ.), ஒரு அங்குலம் (25.4 மி.மீ.) என்ற அளவுகள் உண்டு. முறுக்கைத் தாங்கும் பலம் சதுரத்தின் பக்க அளவின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதாவது ஒரே உருக்கில் செய்தால் முக்கால் அங்குலச் சதுரம் அரை அங்குலத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் தாங்கும்.

எனவே 24 வரை அரை அங்குலம் போதும். 27, 30-க்கு மேல் முக்கால் அங்குலம் வாங்குங்கள். ஒரு அங்குல செட் லாரி, ஜேசிபி வேலைக்கானது. ஒரு டிராக்டரும் ஒரு ஜீப்பும் வைத்திருப்பவருக்கு அது அவசியமில்லை.

ராட்செட் கைப்பிடியை இறுகிய நட்டைக் கழற்றப் பயன்படுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் சிறு பற்கள் உடைந்துவிடும். முதலில் நீளமான பவர் பாரில் நட்டைத் தளர்த்திவிட்டு, பிறகு ராட்செட்டில் சுழற்றிக் கழற்றுங்கள்.

நீளம்தான் பலம்: ஒரு சிறு கணக்கு

முறுக்கு என்பது நீங்கள் கொடுக்கும் பலத்தையும், நட்டிலிருந்து கை வரை உள்ள நீளத்தையும் பெருக்கினால் வருவது. 30 செ.மீ. ஸ்பேனரின் முனையில் 40 கிலோ பலம் கொடுத்தால் 12 கிலோ மீட்டர் முறுக்கு. ஒரு கிலோ மீட்டர் முறுக்கு என்பது சுமார் 9.8 நியூட்டன் மீட்டர். ஆக இது 118 நியூட்டன் மீட்டர்.

தலையில் 8.8 என்று பொறித்த 16 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 200 நியூட்டன் மீட்டர் தேவை. அதே தரத்தில் 20 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 400 நியூட்டன் மீட்டர். 30 செ.மீ. ஸ்பேனரால் இது முடியாது. 24 நட்டுக்கு அரை மீட்டர் நீளமும், 30 நட்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமும் இருந்தால் நிதானமான கை பலத்தில் இந்த முறுக்கு வந்துவிடும். குட்டையான ஸ்பேனரில் பலர் முக்கி முக்கி இறுக்கியும் நட்டு தளர்வதற்கு இதுவே காரணம்.

மாறாக, ஒரு மீட்டர் இரும்புப் பைப்பைச் சொருகி 60 கிலோ ஆள் ஏறி மிதித்தால் சுமார் 590 நியூட்டன் மீட்டர். 16 மி.மீ. போல்ட்டுக்குத் தேவையானதைப் போல மூன்று மடங்கு. போல்ட்டு நீண்டுவிடும், அல்லது மரை உரிந்துவிடும். நீண்டுபோன போல்ட்டு பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் பிடிமானம் இருக்காது. ஆகவே பைப் போடுவது கழற்றுவதற்கு மட்டுமே. அதுவும் முக்கால் அங்குல பவர் பாரில் மட்டும். இறுக்கும்போது பைப் வேண்டாம். ஏறி மிதிப்பது எப்போதுமே வேண்டாம். ஸ்பேனர் வழுக்கினால் ஆள் கல்லின் மேல் விழுவார்.

பெரிய நட்டு எல்லாம் பெரிய இறுக்கம் அல்ல

இது பலரும் தவறவிடும் விஷயம். ஜீப்பின் முன் ஹப்பைத் திறந்தால் உள்ளே பெரிய மெல்லிய நட்டு இருக்கும். பழைய வில்லிஸ் வகையில் இது 2 1/16 அங்குலம், அதாவது 52 மி.மீ.க்குச் சற்று மேல். இதன் வேலை பேரிங்கைச் சரியான ஆட்டத்தில் நிறுத்துவது மட்டுமே. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, சக்கரம் பிடிக்கும் வரை இறுக்கி, பிறகு ஆறில் ஒரு பங்கு சுற்று, அதாவது ஒரு பட்டை அளவு, பின்னால் விட வேண்டும். அதன்பின் லாக் வாஷரும் இரண்டாவது நட்டும் போட வேண்டும். இதைப் பவர் பார் போட்டு இறுக்கினால் பேரிங் சூடாகி, கிரீஸ் உருகி, வழியிலேயே வண்டி நின்றுவிடும். இந்த நட்டுக்குத் தடித்த பாக்ஸ் வேண்டாம். அளவு சரியாக இருந்தால் குழாய் வடிவ மெல்லிய பாக்ஸ் ஸ்பேனரே போதும். உளி வைத்துத் தட்டித் தட்டித் திருகும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். லாக் வாஷரும் நட்டும் சிதைந்து, இரும்புத் துகள் பேரிங்குக்குள் போகும்.

இதற்கு நேர்மாறானது டிஃபரன்ஷியல் பினியன் நட்டு. அளவில் அதைவிடச் சிறியது. ஆனால் இந்த வகை ஜீப்புகளில் 250 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கம் கேட்கும். தவறாக இறுக்கினால் கிரவுன் பினியன் செட்டே போய்விடும். இதை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. வில்லிஸ் வழிவந்த சில பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை இருக்கும். ஸ்டட் முனையில் ஆங்கில 'எல்' எழுத்து பொறித்திருக்கும். இதைக் கவனிக்காமல் வழக்கம்போல் திருகினால், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பீர்கள், ஸ்டட் முறிந்துவிடும்.

சக்கரம் கழற்றி மாட்டும்போது

டிராக்டர் பின்சக்கரத்தில் தண்ணீர் நிரப்பியிருந்தால் தண்ணீரே 100 கிலோவுக்கு மேல் இருக்கும். சாய்ந்தால் கையால் தடுக்க முடியாது. கேஜ் வீல் மாட்டும்போதும் இதே கவனம் தேவை.

- சமதளத்தில், கெட்டியான தரையில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.
- சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஜாக்கியில் தூக்கிய பிறகு பலமாக இழுத்தால் வண்டி நழுவும்.
- ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்குக் கீழே கனமான மரக்கட்டை அல்லது ஸ்டாண்டு கொடுங்கள்.
- மாட்டும்போது மரையில் உள்ள சேற்றைத் துடையுங்கள். நட்டின் கூம்புப் பக்கம் சக்கரத்தை நோக்கி இருக்க வேண்டும்.
- வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையில் இறுக்குங்கள். கடைசி இறுக்கம் சக்கரம் தரையில் இருக்கும்போது.
- ஒரு மணி நேரம் ஓட்டிய பின் மறுபடி இறுக்கிப் பாருங்கள். முதல் சில நாட்கள் தினமும் பாருங்கள். ஒருமுறை தளர்ந்து ஓடினால் டிஸ்க் துளை நீள்வட்டமாகி, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

ரோட்டவேட்டர் கத்தி மாற்றும்போது பி.டி.ஓ. இணைப்பைத் துண்டித்து, சாவியை எடுத்து, கருவிக்குக் கீழே கட்டை கொடுத்த பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள்.

இறுகிய நட்டைக் கழற்ற

வடகிழக்குப் பருவமழையில் நனைந்து, கோடையில் காய்ந்த நட்டு எளிதில் வராது. கம்பி பிரஷால் மரையைச் சுத்தம் செய்து, துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். பிறகு முதலில் இம்மியளவு இறுக்கும் திசையில் அசைத்து, அதன்பின் கழற்றுங்கள். துரு உடைந்து வரும்.

காற்றுள்ள டயர் மாட்டியிருக்கும்போது சக்கர நட்டையோ ரிம்மையோ கேஸ் வைத்துச் சூடாக்காதீர்கள். டயருக்குள் அழுத்தம் ஏறி வெடிக்கும்.

முதலில் எதை வாங்கலாம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. இந்த வரிசையில் வாங்கினால் பணம் வீணாகாது.

- முதலில்: வெர்னியர் காலிப்பர், 24×27 மற்றும் 30×32 ரிங் ஸ்பேனர், உங்கள் வண்டியின் சக்கர நட்டுக்குப் பொருந்தும் பாக்ஸ், 60 செ.மீ. பவர் பார்.
- அடுத்து: அரை அங்குல பாக்ஸ் செட், 18 அங்குல அட்ஜஸ்டபிள், பழைய வண்டியானால் 7/8 மற்றும் 1 1/8 அங்குல ரிங்.
- பிறகு: முக்கால் அங்குலச் சதுரத்தில் 30, 32, 36, 41, 46 பாக்ஸ்கள், நீண்ட பவர் பார், எக்ஸ்டென்ஷன்.
- கூட்டாக: டார்க் ரெஞ்ச், ஹப் நட்டு பாக்ஸ், ஸ்லாகிங் ஸ்பேனர். இவை வருடத்தில் சில நாட்களே தேவைப்படும். பக்கத்துத் தோப்புக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் குழு மூலமோ ஒரு செட் வாங்கி வைத்தால் போதும்.

வாங்கும்போது குரோம் வெனேடியம் என்ற பொறிப்பும், தயாரிப்பாளர் பெயரும், அளவும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த வாய் ஸ்பேனருக்கு ஐஎஸ் 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐஎஸ் 2029 என்பவை இந்தியத் தர எண்கள். முடிந்தால் வண்டியிலிருந்து ஒரு நட்டைக் கையோடு கொண்டுபோய், ஸ்பேனரை மாட்டி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வாங்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பெரிய ஸ்பேனர்களும் நல்லவையே. ஆனால் வாய் விரிந்ததும், வெல்டிங் வைத்ததும் வேண்டாம்.

மலையடிவாரத்துக்குப் போகும்போது

தோப்புகளை ஒட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் இருக்கிறது. யானை நடமாட்டம் உள்ள இடத்தில் பொழுது சாய்ந்த பின் வண்டியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. சக்கர நட்டு பாக்ஸ், பவர் பார், 24×27 ரிங், அட்ஜஸ்டபிள், ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை, இரண்டு கட்டை, டார்ச் லைட் ஆகிய எட்டும் ஜீப்பில் எப்போதும் இருக்கட்டும். சரி செய்ய நேரம் போதாது என்று தெரிந்தால், வெளிச்சம் இருக்கும்போதே வண்டியை விட்டுவிட்டு, கிளம்பி வந்துவிடுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வண்டியில் 22-க்கு மேற்பட்ட நட்டுகள் எத்தனை, எங்கெங்கே இருக்கின்றன என்று அளந்து, டூல் பெட்டி மூடியின் உட்புறம் பெயின்டால் எழுதி வையுங்கள். இடது மரை இருந்தால் அதையும் குறியுங்கள். கடைக்குப் போகும்போது அந்தப் பட்டியலே உங்களுக்கு வேண்டிய ஸ்பேனர்களின் பட்டியல். வண்டி தோப்பில் நிற்கும்போது யார் வந்து கழற்றினாலும், எந்த ஸ்பேனரை எடுப்பது என்று தேட வேண்டியிருக்காது.